கம்பனி ரயர் மாரிக்குத் தாங்குமா? வன்னியில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி

புரட்டாதி கழியும்போதே பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி இது. வாகனத்தோடு வந்த கம்பனி ரயர் அப்படியே கிடக்கிறது, ஆளும் புது ஆள், ஊரும் புது ஊர். பக்கத்து வீட்டுக்காரர் "பட்டன் ரயர் போடுங்கோ, இல்லாட்டி சேத்தில இறுகிப் போவீங்கள்" என்கிறார், கட்டை கட்டையாக நிற்கும் சேற்று ரயரைத்தான் சொல்கிறார். கடைக்காரரும் அதையே சொல்கிறார், அவருக்கு விற்க வேண்டியிருக்கிறது. உண்மையில் பாதிப்பேருக்குப் புது ரயர் தேவையில்லை. மற்றப் பாதிப்பேரிலும் பலர் பிழையான ரயரையே வாங்குகிறார்கள்.

சுருக்கமான பதில் இதுதான். ஏ9, பரந்தன் – முல்லைத்தீவு வீதி, மாங்குளம் – முல்லைத்தீவு வீதி போன்ற தார் வீதிகளிலேயே உங்கள் ஓட்டம் முடிகிறது, ரயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளமும் 4 மி.மீ. ஆழத்துக்கு மிச்சம் இருக்கிறது என்றால் கம்பனி ரயர் தாங்கும். தினமும் கிரவல் றோட்டில் ஏறி இறங்குகிறவருக்கும் ஓரளவு தாங்கும், ஆனால் பக்கச் சுவர் வெட்டுப்படும். வயல், களி, காட்டு ஒழுங்கை என்றால் தாங்காது. இந்த மூன்றில் நீங்கள் எது என்பதைக் கண்டுபிடிப்பதற்கே கீழுள்ள படிகள்.

1. ரயரின் பக்கச் சுவரைப் படியுங்கள்

ஒரு ஈரத்துணி, ஒரு ரோச், ஒரு கொப்பி போதும். நான்கு ரயரையும் ஸ்பெயாரையும் துடைத்து, எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயாரை விடவேண்டாம். பழைய வாகனம் வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும்.

முதலில் அளவு. 265/65ஆர்17 என்று இருந்தால் ரயரின் அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், றிம் 17 அங்குலம். அதையடுத்து 112எஸ் போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்பது ஒரு ரயர் தாங்கும் நிறை, அதாவது 1,120 கிலோ. 115 என்றால் 1,215 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரைக்குமான வேகக் குறி. வன்னியில் அந்த எழுத்தால் ஒருவருக்கும் பயனில்லை. நிறை எண்தான் முக்கியம்.

ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போடுவோம். 1,900 கிலோ நிறையுள்ள டபுள் கப் வெறுமையாக நிற்கும்போது பின் அச்சில் ஏறக்குறைய 800 கிலோ இருக்கும். 50 கிலோ உர மூடை 20 ஏற்றினால் 1,000 கிலோ. பெட்டி பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் அந்தப் பாரம் அனேகமாக முழுவதும் பின்னுக்கே போகும். இரண்டு பின் ரயரிலும் சேர்த்து 1,800 கிலோ. 112 எண்ணுள்ள ரயர் இரண்டும் சேர்ந்து 2,240 கிலோ தாங்கும் என்பதால் இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த 2,240 சரியான காற்று இருந்தால் மட்டும்தான். காற்றுக் குறைந்த ரயர் அந்தப் பாரத்தில் சூடேறி, பக்கச் சுவர் உள்ளுக்குள்ளே அரைபட்டு, ஒருநாள் சத்தத்தோடு போகும்.

அடுத்தது வகை. எச்.ரி. என்றால் நெடுஞ்சாலை ரயர், ஏ.ரி. என்றால் எல்லாத் தரைக்கும் பொதுவானது, எம்.ரி. என்றால் சேற்று ரயர், நம்மவர் சொல்லும் பட்டன் ரயர் இதுதான். கம்பனி ரயர் பெரும்பாலும் எச்.ரி. அல்லது மெதுவான ஏ.ரி. எழுத்து இல்லாவிட்டால் பார்வையிலேயே தெரியும். நீளவாட்டில் நேரான பள்ளக் கோடுகள் ஓடினால் எச்.ரி. கட்டைகள் விலகி, விரல் நுழையும் இடைவெளியோடு நின்றால் எம்.ரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.ரி.

பிறகு வயது. 'டொட்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த ரயர். அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே அடிக்கப்பட்டிருக்கலாம், தெரியாவிட்டால் வாகனத்துக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஆறு வருடத்துக்கு மேற்பட்டதை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆனதை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், கழித்துவிடுங்கள். வெயிலில் நின்ற வாகனத்தின் ரயர் ஓடாமலே கிழவனாகும். கட்டைகளுக்கு நடுவிலும் பக்கச் சுவரிலும் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வயதைப் பார்க்கவே தேவையில்லை.

2. பனிக்கால ரயரை மாரி ரயர் என்று நம்பவேண்டாம்

இது புதியவர்கள் விழும் பெரிய குழி. எங்களுக்கு மாரி என்றால் மழை. ரயர் செய்கிறவர்களுக்குக் குளிர்காலம் என்றால் பனியும் உறைந்த வீதியும். யப்பானிலோ பிரித்தானியாவிலோ ஓடிவந்த வாகனங்களில் சிலவேளை அந்த ஊர்ப் பனிக்கால ரயர் பூட்டியபடியே இருக்கும். பள்ளம் ஆழமாக, கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல நெருக்கமான மெல்லிய வெட்டுக்களோடு, பார்க்க நல்ல ரயர் போலவே தெரியும். விற்பவரும் "வின்ரர் ரயர், மழைக்கு நல்லது" என்பார்.

அந்த ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கவென்று செய்த மெதுவான ரப்பர். வன்னியில் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்கு மேலேதான். இந்தச் சூட்டில் கட்டைகள் இளகி ஆடும், பிறேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், பாரம் ஏற்றினால் அழிறப்பர் மாதிரித் தேயும்.

கண்டுபிடிக்க மூன்று அடையாளம். பக்கச் சுவரில் மூன்று முகட்டு மலைக்குள் ஒரு பனிப்பூப் படம் இருந்தால் அது பனியில் சோதித்த ரயர். யப்பான் ரயரில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் பொறித்திருக்கும். ரயர் பாதி தேய்ந்ததைக் காட்டும் சின்ன ரப்பர் மேடை ஒன்றும் பள்ளத்துக்குள் இருக்கும், அதை அம்புக்குறி காட்டும். ஆனால் மலைப்படம் சில ஏ.ரி. ரயர்களிலும் வரும், அவை பரவாயில்லை. 'ஸ்டட்லெஸ்' என்றிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

'எம் பிளஸ் எஸ்' என்ற குறியைப் பற்றியும் ஒரு சொல். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இதைப் போடுவதற்குச் சோதனை ஒன்றும் இல்லை, பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துச் செய்கிறவரே போட்டுக்கொள்வது. தார் வீதிக்கென்றே செய்த ரயரிலும் இருக்கும். அதைக் காட்டி விலை கூட்டினால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

3. பள்ளத்தை அளவுங்கள்

பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சின்ன மேடை இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. ரயர் அந்த மேடைவரை தேய்ந்தால் ரயர் முடிந்தது. ஆனால் அது உலர்ந்த வீதிக்கான முடிவு. மாரிக்கு அது வரைக்கும் போகவே கூடாது. மழைநீரை ரயருக்கு அடியில் இருந்து வெளியேற்றுவது அந்தப் பள்ளம்தான். 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் நீர் வெளியேற நேரம் போதாது, ரயர் நீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்ரியறிங் திடீரென்று இலேசாகும்.

அளக்கும் கருவி சின்னது, விலையும் குறைவு. இல்லாவிட்டால் தீக்குச்சியைப் பள்ளத்துக்குள் மேடை இல்லாத இடத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, அடிமட்டத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு ரயரிலும் உட்புறம், நடு, வெளிப்புறம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் இவ்வளவு நாளும் காற்றுக் கூட. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் பிழை, அதைச் சரிசெய்யாமல் புது ரயர் போட்டால் அதுவும் அப்படியே போகும். கையால் தடவும்போது கட்டைகள் ஒருபக்கம் கூராக, மறுபக்கம் மழுங்கலாக ஏறி இறங்கினால் சொக்கப்சோரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி முதலாம் நாள் 5 மி.மீ. இருந்தால் மாரி முழுவதும் ஓடலாம். 4 என்றால் தார் வீதியில் மட்டும், தை மாதம் திரும்ப அளந்து. 3 என்றால் இப்போதே மாற்றுங்கள்.

பழைய ரயர் வாங்குகிறவர்களுக்கு: தேய்ந்த ரயரைச் சூட்டுக் கத்தியால் வெட்டிப் பள்ளத்தை ஆழமாக்கி விற்பதுண்டு. மேடையைத் தேடுங்கள். எங்கேயும் மேடை இல்லை, பள்ளத்தின் அடியில் ரப்பர் கீறல் கீறலாக இருக்கிறது என்றால் அது வெட்டின ரயர். ரயருக்குள் ஓடும் கம்பிக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு தோல் மட்டுமே மிச்சம்.

4. ஒரு கிழமை ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

எந்த ரயர் என்பதைத் தீர்மானிப்பது வாகனம் அல்ல, மண். ஒரு கிழமை எங்கெங்கே போகிறீர்கள், அதில் எத்தனை கிலோமீற்றர் தார், எத்தனை கிரவல், எத்தனை வெறும் மண் என்று எழுதுங்கள். பலர் தாங்கள் காட்டுக்குள்ளேயே ஓடுவதாக நினைப்பார்கள். எழுதிப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் கார்ப்பெட் வீதியாக இருக்கும்.

தார் வீதியில் மாரியின் ஆபத்துச் சேறு அல்ல, தேங்கிய தண்ணீரும் உடைந்த ஓரமும். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம் இருக்கும். அதில் இறங்கி உடனே ஏற முயன்றால் பக்கச் சுவர் தார் விளிம்பில் உரசிக் கிழியும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சரிந்த கோணத்தில் ஏறவேண்டும். இந்த வீதிக்கு நல்ல எச்.ரி. ரயரே சிறந்தது. ஈரத் தாரில் பிறேக் பிடிக்கும்போது ஏ.ரி. கொஞ்சம் பிந்தித்தான் நிற்கும், எம்.ரி. நன்றாகவே பிந்தும். அதிகம் பேருக்கு இது தெரியாது. பெரிய பட்டன் என்றால் பெரிய பிடி என்று நினைக்கிறார்கள்.

கிரவல் வீதி வேறு. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகளில் மழையில் மேல் மண் கழுவுப்பட்டுக் கூர்க்கல் வெளியே நிற்கும். இங்கே வழுக்குவதைவிட வெட்டுப்படுவதே பிரச்சினை. பக்கச் சுவர் தடித்த ஏ.ரி. ரயர் இதற்குத்தான். ஓட்டத்தில் கால்வாசிக்கு மேல் கிரவல் என்றால் ஏ.ரி. போடுங்கள்.

செம்மண் மழையில் மேலே சவர்க்காரம் மாதிரி வழுக்கும், ஆனால் அடியில் இறுக்கம். மெதுவாக, ஒரே வேகத்தில் போனால் ஏ.ரி. அந்த வழுக்கலை வெட்டி அடித்தரையைப் பிடிக்கும். நான்கு சக்கர இழுவையும் உண்டென்றால் பயமில்லை.

களிதான் கணக்கைக் குழப்புவது. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் வெடித்துக் கிடக்கும், மாரியில் பசையாகும். பத்து மீற்றர் போவதற்குள் ஏ.ரி. ரயரின் பள்ளமெல்லாம் அடைந்து மொட்டை ரயராகிவிடும். எம்.ரி. கட்டைகளின் அகன்ற இடைவெளி சுழலும்போது களியைக் கழற்றி எறியும், அதனால் அது மட்டும்தான் கொஞ்சம் போகும். கொஞ்சம்தான். ஒரு மூடை உரம் கொண்டுபோக எம்.ரி. நான்கு வாங்குவதைவிட, வீதியில் பிக்கப்பை நிறுத்திவிட்டு உழவு இயந்திரக்காரருக்குக் கூலி கொடுப்பது எப்போதும் மலிவு.

முல்லைத்தீவுக் கரையோர மணலுக்குப் பட்டன் உதவாது, கெடுக்கும். மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும். அங்கே வழி காற்றைக் குறைப்பது, அதைப் பின்னால் பார்ப்போம்.

வாய்க்கால் கரையும் வயல் வரம்பும் ரயரின் விசயமே அல்ல. ஊறிய வரம்பு இரண்டு தொன் வாகனத்தின் கீழ் சரியும். எந்த ரயர் போட்டாலும் சரியும்.

இன்னொன்று. வெள்ளத்தில் வீதி மூடப்பட்டால் பழக்கமில்லாத பக்கத்தால் சுற்றிப்போக மனம் வரும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நின்ற காணிகளும் அவற்றை ஒட்டிய ஓரங்களும் அப்படிச் சுற்றிப்போகும் பாதை அல்ல. வெள்ளம் பலகையையும் சாய்க்கும், மண்ணையும் அரிக்கும். ஊரவர் வாகனம் போய் வந்த தடத்தை விட்டு இறங்க வேண்டாம், சேறு கழுவ ஓரத்தில் இறங்கி நடக்கவும் வேண்டாம்.

5. எத்தனை ரயர் மாற்றுவது

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சரி. காசு போதாவிட்டால் இரண்டு. அந்தப் புது இரண்டும் பின்னுக்கு. முன்னுக்குப் போடச் சொல்வார்கள், கேட்கவேண்டாம். வெறும் பெட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் இலேசு, ஈரத்தில் முதலில் வழுக்குவது அதுதான். முன் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் வழுக்கினால் வாகனம் சுற்றும்.

ஒரே அச்சில் இரண்டு வகை ரயர் கூடவே கூடாது. நான்கு சக்கர இழுவை வாகனத்தில் முன்னும் பின்னும் ரயரின் சுற்றளவு ஒத்துப்போக வேண்டும். முன்னுக்கு 3 மி.மீ., பின்னுக்கு 11 மி.மீ. பள்ளம் வைத்துக்கொண்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், கியர்ப் பெட்டி வரைக்கும் அடி போகும். அதே காரணத்தால், பகுதிநேர நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தாரில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

6. அளவும் பத்திரங்களும்

"ஒரு சுற்றுப் பெருசாப் போடுவம், வடிவாயிருக்கும்" என்பது கடையில் வரும் அடுத்த பேச்சு. கணக்கு இது: 265/65ஆர்17 ரயரின் விட்டம் 776 மி.மீ. 265/70ஆர்17 போட்டால் 803 மி.மீ. வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 62இல் போவீர்கள். அது சின்ன விசயம். ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டும்போதும், பாரத்தோடு பள்ளத்தில் விழும்போதும் ரயர் மட்காட்டில் உரசுவதுதான் பெரிய விசயம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்த பதிவுச் சான்றிதழில் ரயர் அளவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கடைக்குப் போகும்போது அதன் பிரதியைக் கொண்டுபோங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் உள்ள அளவோடும் ஒத்துப்பாருங்கள். அந்த அளவில் இருந்து விலகுவதென்றால் முதலில் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால் அவர்களிடமும் கேளுங்கள், வாகனம் இன்னும் உங்களுடையது அல்ல.

காப்புறுதியில் கவனிக்க ஒன்று உண்டு. வாகனத்தை ஓடத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் ரயரையும் படம் எடுப்பார். மொட்டை ரயரோடு ஈர வீதியில் சறுக்கியதென்றால் இழப்பீட்டுப் பேச்சு உங்களுக்குச் சாதகமாகத் தொடங்காது. அதனால் புது ரயர் போட்ட பற்றுச்சீட்டை வாகனப் பத்திரங்களோடு வையுங்கள். பற்றுச்சீட்டில் அளவு, வகை, அந்த நான்கு இலக்கத் திகதி, வாகன இலக்கம், ஓடிய கிலோமீற்றர் ஐந்தும் எழுதச் சொல்லுங்கள். இவை இல்லாத துண்டுச் சீட்டோடு உத்தரவாதம் கேட்டுப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

7. எப்போது வாங்குவது, எவ்வளவு

ஆவணி கடைசியில் அளவுங்கள், புரட்டாதியில் வாங்குங்கள், ஐப்பசி பிறக்க முன் பூட்டுங்கள். காலபோக விதைப்புத் தொடங்கி முதல் பெருமழையும் விழுந்த பிறகு கடைக்குப் போனால் இருப்பதைத்தான் தருவார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ரயர்க் கடைகள் இருந்தாலும், எல்லா அளவிலும் ஏ.ரி. நான்கு, அதுவும் ஒரே வருடத்துத் திகதியோடு, கையிருப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டுமென்றால் ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள். முற்பணம் கொடுக்க முன் திகதி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விலை டொலரோடு ஏறி இறங்குவதால் இன்றைய தொகையை இங்கே எழுதிப் பயனில்லை. எதையெல்லாம் கேட்கவேண்டும் என்பதே முக்கியம். சொல்லும் விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா? பூட்டுக்கூலி, புது வால்வு, பலன்சிங், அலைன்மென்ட் உள்ளடக்கமா? பழைய ரயரை எடுத்துக்கொண்டு கழிவு தருவார்களா? நாலு கடையில் இதே கேள்விகளைக் கேட்டால், மலிவு என்று சொன்ன கடை பலவேளை மூன்றாவதாக வரும்.

விலையைக் கிலோமீற்றரால் பிரித்தும் பாருங்கள். 100 ரூபா ரயர் 50,000 கி.மீ. ஓடுவதும், 130 ரூபா ரயர் 40,000 கி.மீ. ஓடுவதும் என்று வைத்தால், இரண்டாவது கிலோமீற்றருக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். எச்.ரி.க்கும் எம்.ரி.க்கும் இடைவெளி பலவேளை இப்படித்தான் விழும். எம்.ரி. கூடுதலாகக் குடிக்கும் டீசலையும், காது இரைச்சலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

8. பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தேத்தண்ணி குடிக்கப் போய்விடாதீர்கள். ரயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும்படி பூட்ட வேண்டும். றிம்மின் விளிம்புத் துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யாவிட்டால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். வால்வு பழைய றப்பர் என்றால் மாற்றுங்கள், ரயர் விலையோடு பார்த்தால் தூசு. நட்டுக்களைக் காற்றுத் துவக்கால் 'டர்' என்று அடித்து முடிப்பார்கள். கடைசி இறுக்கம் கையால், குறுக்குக் குறுக்காக, வாகனக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கவேண்டும். 100 கி.மீ. ஓடியபின் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

புது ரயரின் மேலே, செய்யும்போது வார்ப்பு அச்சில் இருந்து கழற்றப் பூசிய வழுக்கல் இருக்கும். முதல் 300 கி.மீ. ஈர வீதியில் அவதானம். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் பூட்டினால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

9. காற்று

ரயரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள் காற்றை மாதம் ஒருமுறை பார்ப்பதில்லை. சரியான அளவு கதவுத் தூண் தாளில் இருக்கும், வெறும் வாகனத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. பக்கச் சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு, அதை நிரப்பினால் ரயர் கல்லாகி ஈரத்தில் துள்ளும். காலையில் ஓடமுன் அளவுங்கள். 5, 6 பாகை வெப்பம் குறைந்தால் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறையும். ஆவணிப் பகலில் அளந்து விட்ட காற்று மார்கழி விடியலில் 2 பி.எஸ்.ஐ. குறைவாகவே இருக்கும், ஓட்டை ஒன்றும் இல்லாமலே.

கார் வகை ரயரில் இருந்து லொறி வகை ரயருக்கு மாறியவர்கள் கவனியுங்கள். அளவின் முன்னாலோ பின்னாலோ எல்.ரி. என்று இருக்கும். அதே பாரத்துக்கு அந்த ரயர் பொதுவாக 5 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடக் கேட்கும். கதவுத் தாள் பழைய ரயருக்கு எழுதியது. ரயர்க் கம்பனியின் பார அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சேற்றிலோ மணலிலோ இறங்கமுன் காற்றை 18 – 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் ரயர் நீளவாட்டில் பரந்து பாரத்தைப் பகிரும். ரயர் வகையை மாற்றுவதைவிட இது கூடப் பலன் தரும், செலவும் இல்லை. ஆனால் வேகம் 25க்கு மேல் போகக்கூடாது, திடீர் வெட்டு வெட்டினால் ரயர் றிம்மில் இருந்து கழறும், பாரம் இருந்தால் இவ்வளவு குறைக்கவும் கூடாது.

தார் ஏறியதும் திரும்ப நிரப்பியே ஆகவேண்டும். தேங்கிய தண்ணீரில் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. பள்ளம் தேய்ந்த ரயருக்குச் சொல்லும் பொதுக் கணக்கின்படி 30 பி.எஸ்.ஐ.யில் அது சுமார் 90 கி.மீ., 20 பி.எஸ்.ஐ.யில் சுமார் 75 கி.மீ. ஊருக்கு வெளியே எல்லோரும் போகும் வேகமே 70தான். இறங்கிய காற்றோடு ஏ9இல் ஏறினால் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் காற்றுப் பம்பி ஒன்று வாங்குங்கள், கவ்வி நேரே பற்றறியில் பிடிப்பதாக. சிகரெட் லைற்றர் துளையில் போடுவது பெரிய ரயருக்குத் திணறும். நான்கையும் நிரப்ப அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

10. தண்ணீர் வீதியை மூடினால்

265/65ஆர்17 ரயரில் சக்கரத்தின் நடு 39 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஓடாத தண்ணீர், தெரிந்த வீதி, நடுவுக்குக் கீழே என்றால் முதலாம் கியரில், நிறுத்தாமல், நடந்து போகும் வேகத்தில் போகலாம். ஓடும் தண்ணீர் என்றால் கணக்கு மாறும். 30 செ.மீ. ஓட்டம் சின்னக் காரை மிதக்க வைக்கும், 60 செ.மீ. பிக்கப்பையும் கொண்டுபோகும். அகன்ற ரயர் அங்கே மிதவையாக வேலை செய்யும், உங்களுக்கு எதிராக. விளம்பரத்தில் 70, 80 செ.மீ. நீரில் போகும் என்று எழுதியிருப்பது தேங்கிய நீருக்கு.

குளம் வான் பாயும் இடத்து வீதிகள், வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்கள், இரணைமடு வான்கதவு திறந்தால் கீழே நிரம்பும் வீதிகள், இவற்றில் ரயரை நம்பி இறங்கவேண்டாம். வீதி அடியில் அரிபட்டிருப்பது மேலே இருந்து தெரியாது. பிரதேச செயலகமோ பொலிசோ மறித்தால் திரும்புங்கள்.

தண்ணீரால் வந்த பிறகு பிறேக்கை மெல்ல நாலைந்து தரம் அழுத்திக் காயவிடுங்கள். நடுவுக்கு மேலே தண்ணீர் போயிருந்தால் அச்சு எண்ணெய்யைத் திறந்து பாருங்கள். பால் தேநீர் நிறமென்றால் அன்றே மாற்றவேண்டும்.

11. பெட்டியில் கிடக்க வேண்டியவை

மண்வெட்டி, ஒரு முழச் சதுரத்தில் ஓரங்குலப் பலகை, காற்று அளவி, பம்பி, 8 மீற்றர் இழுவைப் பட்டி, அதற்கேற்ற வளையங்கள் இரண்டு, ரோச். பலகை ஜாக்கிக்கு அடியில் வைக்க. மாரி மண்ணில் ஜாக்கிதான் முதலில் புதையும். இறுகினால் அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அங்குலம் கீழே போவீர்கள். காற்றைக் குறைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, வந்த தடத்தில் பின்னோக்கி எடுங்கள். உழவு இயந்திரம் இழுப்பதென்றால் பட்டியைச் சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள். பின்னால் ரெயிலர் பூட்டும் உருண்டையில் மாட்டினால் அது கழன்று குண்டாகப் பறக்கும். நிற்பவர்களைப் பட்டியின் நீளத்துக்கு அப்பால் போகச் சொல்லுங்கள்.

விடத்தல் முள், ஆணி குத்தினால் நடுப்பகுதியில் 6 மி.மீ. வரைக்குமான ஓட்டையை உள்ளிருந்து ஒட்டலாம். வெளியிலிருந்து செருகும் திரி கடை வரைக்கும் வர மட்டும். பக்கச் சுவரில் குத்தினால் ரயர் கழிவு, ரியூப் போட்டு ஓட்டிவிடலாம் என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

கடைசியாக ஸ்பெயார். பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் அதை இறக்கும் பொறி, மாரிச் சேறு பட்டுப் பட்டுத் துருப்பிடித்து இறுகும். ஒட்டுசுட்டான் வீதியில் யானை நடமாடும் நேரம் பார்த்துத்தான் அது திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். புரட்டாதியில் ஒருமுறை முழுவதும் இறக்கி, சங்கிலிக்குக் கிறீஸ் பூசி, முழுப் பாரக் காற்றளவுக்கு நிரப்பி, திரும்ப ஏற்றுங்கள். இறக்கும் கம்பி வாகனத்துக்குள் இருக்கிறதா, நட்டுச் சாவி உங்கள் நட்டுக்குப் பொருந்துகிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.